மூன்றாம் வரிசைக் கன்னியாஸ்திரியின் சிரிப்பு

சேசுவின் சமாதானம் உங்கள் மடத்துச் சன்னல்களை எல்லாம் தட்டட்டும்!

அன்பும் மரியாதையும் மிக்க மதினி சிஸ்டர் கிளெமென்சா அவர்களுக்கு, உங்கள் தங்கை ஆர்ஜியாவின் புருஷன் ஒலிந்தோ முழங்காலிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும் கோழிகளும் சுகம். அங்கு தாங்களும் தங்கள் மூட்டுவலியும் எப்படியென்று அறிய ஆவல்.

பங்குச் சாமியார் ஃபோஸ்கோ உங்களிடம் வத்திவைப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்னைச் சினிமாக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள். எந்தப் படம் என்கிறீர்கள்? போன வருஷம் நம் ஊரில் பாழடைந்து கிடக்கும் மடத்தில் எடுத்தார்களே, அந்தக் காலத்துக் கன்னியாஸ்திரிகளைப் பற்றிய அசிங்கப் படம், அதுதான். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அங்கி மாட்டி நிற்கவைத்தார்கள். சரித்திரப் படம் என்றுதானே ஆர்ஜியா உங்களுக்கு எழுதினாள்? எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். பார்த்தால், மடத்துத் தோட்டக்காரன் மேலெல்லாம் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு புனிதர் சுரூபமாக நிற்கிறான், மடத்துத் தாயார் "பாவம், புனிதருக்குக் குளிரும்" என்று தன் அறைக்குத் தூக்கிவரச் சொல்கிறாள், மற்றதை எழுத என் பேனா கூசுகிறது. அதற்கு முன்னால், கோயிலில் எல்லோர் எதிரிலும் அவள் அந்தச் சுரூபத்தின் காலை முத்தமிடும்போது அவனுக்குக் கூச்சம் தாங்காமல் கட்டைவிரல் துடிக்க, மூன்றாம் வரிசையில் கைகூப்பி நிற்க வேண்டிய உங்கள் தங்கை பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். டைரக்டர் திட்டப்போகிறார் என்று நாங்கள் நடுங்கினால், அந்த மனுஷன், "அம்மா, இதுதாம்மா வேணும்!" என்று குதித்தார். பிப்ரவரியில் ஆர்ஜியா நம்மையெல்லாம் விட்டுப் போய்விட்டாள். படம் இப்போதுதான் வந்தது.

நான் அசிங்கம் பாக்கவா போனேன் மதினி? அவ சிரிக்கிறதக் கேக்கப் போனேன். வீட்டுல போட்டோ இருக்கு, துணிமணி இருக்கு, சிரிப்பு எங்க இருக்கு? முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவள் முகம் வந்தது. மூக்கைச் சுருக்கினாள், வாயைத் திறந்தாள், வெளியே வந்ததோ எவளோ ஒரு இளசு கிணுகிணுவென்று சிரிக்கிற சத்தம்! நம்ம ஆர்ஜியா அப்படியா சிரிப்பா? தொண்டைக்குள் உருட்டி, மூச்சு முட்டி, கடைசியில் குறட்டை மாதிரி ஒரு இழுப்பு இழுப்பாளே! எழுந்து நின்று, "அது அவ இல்ல! அவ சிரிப்பக் குடுங்கடா!" என்று கத்திவிட்டேன். கொட்டகையே சிரித்தது. வெளியே தள்ளிய பிறகு, படம் ஓட்டுகிற நெல்லோ இறங்கிவந்து, "பெரியப்பா, நம்ம படத்துல யாருக்குமே சொந்தக் குரல் கிடையாது. ரோமாபுரியில ஒரு அறைக்குள்ள வேற ஆளுங்க பேசி ஒட்டுறதுதான். அன்னிக்குப் பிடிச்ச சத்தத்த அப்பவே அழிச்சிருப்பாங்க," என்றான். அவளை இரண்டாம் தடவை புதைத்தாற்போல் இருந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆகவே இனி அந்தக் கொட்டகைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன். நம் குடும்பத்தில் யாரும், முக்கியமாக அங்கி உடுத்தியவர்கள், அந்தப் படத்தின் சுவரொட்டியைக்கூடப் பார்க்கக் கூடாது. கஷ்கொட்டை மாவு அனுப்பியிருக்கிறேன். உங்கள் மடத்துத் தாயாருக்கு, அதாவது நிஜத் தாயாருக்கு, என் வணக்கம். தேவமாதா உங்கள் முழங்காலைக் காப்பாளாக.

இப்படிக்கு,
ஒலிந்தோ

பி.கு.: ஆர்ஜியாவின் அடக்கத்தன்று கோழி ஒன்று காபிப் பாத்திரத்தைத் தட்டிவிட, நீங்கள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டு உடனே சிலுவை போட்டுக்கொண்டீர்களே, அடுத்த அறையிலிருந்து நான் விழுந்தடித்து ஓடிவந்தேனே, ஞாபகமிருக்கிறதா? அந்தக் கடைசி இழுப்பு உங்களுக்கும் இருக்கிறது. ஞாயிறு பகல் காட்சிக்கு இரண்டு சீட்டு வாங்கிவிட்டேன். மடத்தில் மூட்டு வைத்தியம் என்று சொல்லுங்கள். அங்கிக்கு மேல் ஆர்ஜியாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொள்ளலாம். அந்த இடத்தில் சத்தத்தை நிறுத்திவிடுவதாக நெல்லோ சொல்லியிருக்கிறான். சுரூபத்தின் கட்டைவிரல் துடிக்கும்போது உங்கள் கையைத் தட்டுவேன். மற்ற நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொல்லுங்கள் மதினி, அந்த ஒரு தடவை சிரித்தால் போதும்.