செப்புக் காப்பும் இரண்டு ஊசிகளும்

ஓய்வு பெற்ற தையற்காரர் சங்கத்தின் கூட்டத்துக்குக் கெஞ்சிக் கூப்பிட்டாலும் ஏழு பேர் தாண்டாது. அந்த ஞாயிறு காலை மாடிப்படியிலும் ஆள் நின்றது. செப்பு வைத்தியர் வந்திருந்தார். அவருடைய செப்புக் காப்பைப் பத்து நிமிடம் போட்டுக்கொண்டால் கைநடுக்கம் நின்றுவிடுமாம். எல்லாம் விஞ்ஞானம் என்றார். எந்த விஞ்ஞானம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டார்.

சங்கத் தலைவரை எல்லோரும் காஜா அண்ணன் என்பார்கள். சட்டைக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அது கை சொன்னபடி கேட்ட காலம். இப்போது தேநீர் வாய்க்கு வருவதற்குள் பாதி சட்டைக்குப் போய்விடுகிறது. அவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் சங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது: கைநடுக்க நோயை ஆராயும் ஒரு மாணவிக்கு மூன்று வருடப் படிப்புச் செலவை ஏற்றது. ஒரு வருடம் முடிந்திருந்தது. மீதியை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் காப்பு வாங்குவது என்பதே இன்றைய தீர்மானம். எழுதியவர் காஜா அண்ணனேதான். கடைசி வரிசையில் இருந்த மாணவியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட மருந்து எப்ப வரும்னு கேட்டா, தெரியாது ஐயாங்குது. இவரு பத்தே நிமிஷம்ங்கறாரு" என்றார் பக்கத்தில் இருந்த மனைவியிடம்.

"பத்து நிமிஷத்துல ஒரு காஜாவே ஒழுங்கா வராது. வியாதி மட்டும் ஓடிருமாக்கும்!"

வைத்தியர் காஜா அண்ணன் கையில் ஊசியும் நூலும் கொடுத்தார். அண்ணன் ஆறு முறை முயன்றார். நூல் ஊசியைச் சுற்றி வந்ததே தவிர உள்ளே போகவில்லை. கூட்டம் உச்சுக் கொட்டியது. வைத்தியர் அந்த ஊசியைத் தன் பெட்டிக்குள் போட்டு, காப்பை மாட்டி, பத்து நிமிடம் முணுமுணுத்தார். பிறகு பெட்டியிலிருந்து வேறோர் ஊசியை எடுத்தார்.

"புதுக் கைக்குப் புது ஊசி!"

இரண்டாம் முயற்சியிலேயே நூல் நுழைந்தது. மாடி அதிரக் கைதட்டல். காஜா அண்ணனின் கண் கலங்கிவிட்டது.

"தீர்மானத்துக்குக் கை தூக்குங்க!" என்றார் செயலாளர்.

மாணவி எழுந்தாள். "ஒரே ஒரு சந்தேகம் ஐயா. காப்பு கையிலயே இருக்கட்டும். முதல்ல குடுத்த ஊசியில ஒரு தடவை நூலைக் கோத்துப் பாருங்களேன்."

"சந்தேகப்பட்டா சக்தி போயிடும்மா!" என்றார் வைத்தியர்.

"சந்தேகத்துக்கே ஓடுற சக்தி வியாதியை எப்படிங்க துரத்தும்?" என்று கேட்டபடியே காஜா அண்ணனின் மனைவி பெட்டியைத் திறந்து பழைய ஊசியை எடுத்துவிட்டார்.

காஜா அண்ணன் எட்டு முறை முயன்றார். நூல் நுழையவில்லை.

"இப்ப காப்பைக் கழட்டிட்டு ரெண்டாவது ஊசியில கோத்துப் பாருங்க" என்றாள் மாணவி.

மூன்றாம் முயற்சியில் நுழைந்தது.

காஜா அண்ணன் இரண்டு ஊசிகளையும் உள்ளங்கையில் வைத்து, அன்று முதல்முறையாக ஒரு தையற்காரரைப் போலப் பார்த்தார். ஒன்றின் காது எள்ளில் பாதி. மற்றது பூவேலை ஊசி. அதன் காது அரிசி நீளம்.

"அடப்பாவி!" என்று அவர்தான் முதலில் சிரித்தார். "ஆயுசு பூரா ஊசி பிடிச்ச நாப்பது பேரு உக்காந்திருக்கோம். ஒருத்தனாவது ஊசியைப் பாத்தோமாய்யா? எல்லாரும் காப்பையே பாத்திருக்கோம்!"

வைத்தியர் காப்போடு படியிறங்கிய வேகத்தைப் பார்த்தால், முதுமை அவரைவிட்டாவது ஓடியது உண்மைதான்.

காஜா அண்ணன் தீர்மானத்தைக் கிழித்தார். கை நடுங்கியதால் அது இன்னும் சின்னத் துண்டுகளாகக் கிழிந்தது. "பொண்ணு படிப்பைத் தொடரட்டும்ங்கறவங்க கை தூக்குங்க!"

"எல்லாக் கையும் ஆடுது, எப்படி எண்ணுறது?" என்றார் செயலாளர்.

"ஆடுனாலும் ஓட்டு ஓட்டுதான்யா!" என்றவர் மாணவியிடம் திரும்பினார். "மருந்து எப்பம்மா வரும்?"

"தெரியாது ஐயா."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற நீ படிம்மா. நாங்க இருக்கோம்."

அந்தக் காப்பு நாளை வேறொரு மாடி ஏறும். அங்கே கைதட்டக் கைகளுக்குப் பஞ்சமிருக்காது. கைதட்டும் முன், "அந்தப் பழைய ஊசியைக் கொடுங்க" என்று கேட்க ஒரு வாய் இருந்தால் போதும்.