கொரியத் தம்பிக்கு ஒரு ஜெபம்

அழுகிற விஷயத்தில் எனக்கு வெட்கமே கிடையாது. கொரியத் தொடர் என்றால் டைட்டில் போடும்போதே ஆரம்பித்துவிடுவேன். கல்லூரியில் படித்த நாட்களில் இந்தத் திறமை உச்சத்தில் இருந்தது.

அப்போது நான் பார்த்த தொடரின் நாயகன் ஜூனுக்கு ரத்தப் புற்றுநோய். (அங்கே அழகான பையன்களுக்கு வேறு வியாதி வராது.) ரசிகர்களே உட்கார்ந்து ஆங்கிலத்தில் சப்டைட்டில் எழுதி இணையத்தில் ஏற்றுவார்கள். கடைசிப் பகுதி வந்துவிட்டது, சப்டைட்டில் வரவில்லை. பொறுக்காமல் அப்படியே பார்த்தேன். டாக்டர் ஏதோ சொன்னார், காதலி அழுதாள், பிறகு பனியில் தனியாக நடந்து போனாள். பிழைத்தானா, போய்விட்டானா, ஒரு மண்ணும் புரியவில்லை.

அன்று மாலை செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். ஒவ்வொருவரும் தங்கள் வேண்டுதலைச் சொல்ல வேண்டும். "செமஸ்டருக்குக் கேளு" என்று அம்மா தொடையில் கிள்ளினாள். என் முறை வந்து வாயைத் திறந்தால் ஜூன்தான் வந்தான்.

"தெரிஞ்ச ஒருத்தர்... பிளட் கேன்சர். கல்யாணம் நிச்சயமாயிருக்கு. என்ன ஆச்சுன்னே தெரியல" என்று சொல்லி ஓவென்று அழுதேன்.

மொத்தக் கூட்டமும் முழங்காலில் நின்றது. பாஸ்டரம்மா கண்ணீரோடு, பெயர் தெரியாத அந்தத் தம்பிக்காக வெகு நேரம் மன்றாடினார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா? நாளைக்கே போய்ப் பாத்துட்டு வரலாம்."

"சியோல்ல ஆன்ட்டி."

"படப்பை தாண்டியா?" என்றார் குரோம்பேட்டையிலிருந்து வரும் ஸ்டெல்லா ஆன்ட்டி. "எங்க வீட்டுக்காரர் கார் எடுப்பாரு. ரத்தம் வேணும்னா என் பையன் குடுப்பான்."

அம்மா என்னையே பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? "ஏண்டி, இது அந்த லேப்டாப்புல வர்றவனா?"

பூமி பிளக்கவில்லை. (செம்பாக்கம் ஏரியாவது கரையை உடைத்துக்கொண்டு வந்திருக்கலாம்.) தலையாட்டினேன். பாஸ்டரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, பொழைச்சானா?"

"சப்டைட்டில் வரல ஆன்ட்டி."

அந்த வாரமே வந்தது. அத்தனை பேரும் சமோசாவோடு வந்து எங்கள் ஹாலில் உட்கார, நான் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். ஜூன் பிழைக்கவில்லை. அந்த இடத்தில் சப்டைட்டில் எழுதிய பெண் அடைப்புக்குறிக்குள், 'மன்னிக்கவும், அழுதுகொண்டே டைப் செய்கிறேன்' என்று போட்டிருந்தாள். அதையும் படித்தேன். ஹாலே விசும்பியது.

"நாம ஜெபிக்கறதுக்கு முன்னாடியே ஷூட்டிங் முடிஞ்சிருக்கும்" என்று ஸ்டெல்லா ஆன்ட்டி எல்லோரையும் தேற்றினார். பாஸ்டரம்மா அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக ஒரு சின்ன ஜெபம் செய்தார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் பரீட்சையோ வரனோ, எந்த முடிவுக்குக் காத்திருந்தாலும், 'சப்டைட்டில் வந்துச்சா' என்றுதான் கேட்போம். போன வருடம் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் கொண்டுவந்து கொடுத்த கவரைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன். அம்மா என் பக்கம் சாய்ந்தாள்.

"சப்டைட்டில் வந்துடுச்சு பாரு. அழாம படிடி."

சாதாரணக் கட்டிதான் என்று போட்டிருந்தது. அழுதுகொண்டேதான் படித்தேன்.