பதினோரு ரெசிஸ்டர், இருபத்திரண்டு கால்

ஞாயித்துக்கெழம ஒரே ஒரு சோலிதான் வெச்சிருந்தேனுங்க. பவர் சப்ளை போர்டுல பதினோரு ரெசிஸ்டரை சால்டரிங் பண்ணோணும், ஈயத்த உருக்கி ஒட்டோணும். அவ்வளவுதான்.

எதுக்குன்னு கேக்கறவங்களுக்குச் சொல்றேன். நான் சொந்தமா ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் கட்டறவன். "போன்ல நேராச் சொருகினாப் பாட்டு கேக்காதுங்களா?"ன்னு என்ற ஊட்டுக்காரி மகேசு மூணு வருசமாக் கேட்டுட்டு இருக்கறா. கேக்கும். நல்லாவே கேக்கும். ஆனா அப்பறம் ஞாயித்துக்கெழம நான் என்ன பண்றது?

நம்ம வேலம்பாளையத்துக் கரண்ட்டு தனியா வராதுங்க. பக்கத்துச் சந்து கம்ப்ரஸர், எதுத்தாப்புல இருக்கற நிட்டிங் மெஷின்னு ஊரையே கூட்டிட்டுத்தான் வரும். ஹெட்போனைக் காதுல வெச்சா, பாட்டுக்கு முன்னாடி "ம்ம்ம்ம்"னு இரைச்சல். அதை வடிகட்டத்தான் நல்ல பவர் சப்ளை வேணும். மொதல்ல ஒண்ணு கட்டினேன், இரைச்சல் அப்படியே இருந்துச்சு. ரெண்டாவது கட்டினேன், இரைச்சல் நின்னுச்சு, பொகை வந்துச்சு. இது மூணாவது.

இந்தவாட்டி சாதாரண ரெசிஸ்டர் இல்லீங்க. ஆடியோ குரூப்ல ஒருத்தர்கிட்டச் சொல்லி வெச்சு வாங்கினது. "ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கற கம்பிக் கால் சுத்தச் செம்பு சார். மேல ஈயப் பூச்சு. இரும்பு துளி கூட இல்ல. காந்தம் வெச்சாக் கூட ஒட்டாது. இரும்புக் கால் வழியாப் பாட்டு போச்சுன்னா உயிரே போயிரும்"னாரு.

நான் காந்தம் வெச்சுப் பாத்தனா? அத்தன பெரிய மனுசன் சொல்றாரு, சந்தேகப்படறது மரியாதைங்களா?

ஊட்டுல சால்டரிங் பண்ண எனக்குத் தடை. டைனிங் டேபிள்ல ஒரு கருப்பு வட்டம் இருக்குது. அதைப் பத்தி நாங்க பேசறதில்ல. அதனால நேரா எங்க கம்பெனிக்குப் போனேன். கைக்குழந்தைத் துணி தெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பற சின்ன யூனிட்டுங்க. வாசல் போர்டுல முதலாளின்னு என்ற பேரு இருக்கும். உள்ள வேலை பாக்கறது மகேசு.

செக்கிங் டேபிள்ல நல்ல டியூப் லைட்டு. ஒரு ஓரமா குழந்தைத் துணி அடுக்கி வெச்சிருந்தாங்க. நான் பாட்டுக்கு இன்னொரு ஓரத்துல உக்காந்து, ரெசிஸ்டரை ஒட்ட, மிச்சக் காலை கட்டர்ல வெட்ட, ஒட்ட, வெட்ட. வெட்டுன துண்டுக சில டீ கிளாஸுக்குள்ள விழுந்துச்சு. சிலது டிக்குனு எங்கியோ பறந்துச்சு. எங்க போச்சுன்னு நான் பாக்கல. ஒரு கலைஞன் வேலையில மூழ்கியிருக்கறப்ப குப்பையவா பாப்பான்?

திங்கக்கெழம காலைல பேக்கிங் ஓடிட்டு இருக்குது. சாயந்தரம் அஞ்சு மணிக்கு தூத்துக்குடி லாரி. ரெண்டு மணிக்கு, சரக்கு வாங்கற பையரோட கியூசி, தரம் பாக்கறவரு, வர்றாரு. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் சரக்கு நகரும். இந்தக் கப்பலை உட்டா அடுத்த ஆர்டரும் போச்சு. கம்பெனியில அத்தன பேருக்கும் வேல அந்த ஆர்டர நம்பித்தான்.

பத்து மணிக்கு நீடில் டிடெக்டர் "பீப்"னுச்சு.

அது துணிக்குள்ள இரும்பு இருந்தா நிக்கற மெஷினுங்க. தைக்கறப்ப உடைஞ்ச ஊசித் துண்டு குழந்தைத் துணியில போயிரக் கூடாதுன்னு வெச்சிருக்கறது. அடுத்த துணியை உட்டாங்க. மறுக்கா "பீப்".

பண்டல் சீட்டைப் பாத்தா, ரெண்டும் செல்வி தெச்சது. ராமநாதபுரம் பக்கத்துப் பொண்ணு, கை சுத்தமான டெய்லர்.

இந்த எடத்துல முதலாளி நான் என்ன பண்ணேன் தெரியுங்களா? சொற்பொழிவு பண்ணேன்.

"ஏம்மா செல்வி, ஊசி உடைஞ்சாச் சொல்லோணுமா இல்லியா? பச்சக் குழந்த உடம்புல குத்துனா என்ன ஆகும்? ஒரு பொறுப்பு வேண்டாமா?"

"என் மெசின்ல ஊசி உடையவே இல்ல சார். ரிஜிஸ்டரப் பாருங்க. சத்தியமா உடையல."

"அப்பறம் மெஷின் பொய் சொல்லுதா?"

எங்க கம்பெனியில ஒரு சட்டம் இருக்குதுங்க. ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் பொறுக்கி, ரிஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டோணும். முழு ஊசியும் சேந்தாத்தான் புது ஊசி. துண்டு கெடைக்கற வரைக்கும் அந்த டெய்லர் மெஷின்ல உக்காரக் கூடாது. செல்வி செவுத்தோரமா நின்னு கண்ணத் தொடச்சுட்டு இருந்துச்சு. அதை நெனச்சா இப்பவும் எனக்கு வெக்கமா இருக்குது.

மகேசு அந்த ரெண்டு துணியையும் உதறு உதறுன்னு உதறுனா. வெள்ளி நெறத்துல துளியூண்டு கம்பி ரெண்டு விழுந்துச்சு. செல்வி ஓடி வந்து ஒண்ணை எடுத்து வெரல்ல அமுக்குச்சு.

"அக்கா, இது ஊசி இல்லக்கா. ஊசின்னா பட்டுனு உடையும். இது வளையுது பாருங்க!"

மகேசு அந்தக் கம்பியப் பாத்தா. அப்பறம் என்னைப் பாத்தா.

"ஏனுங்க, நேத்து இங்க வந்தீங்களா?"

"வந்தேன். ஆனா இது என்றது இல்ல மகேசு. டிடெக்டர் இரும்பைத்தான் புடிக்கும். என்றது சுத்தச் செம்பு. அதுல காந்தமே ஒட்டாது. அதனாலதான் பாட்டு அத்தன..."

"மிச்ச ரெசிஸ்டர் இருக்குதுங்களா?"

"பையில இருக்குது."

ஊசி பொறுக்கற காந்தக் குச்சி ஒண்ணு ஃப்ளோர்ல எப்பவும் இருக்கும். மகேசு அதை எடுத்துட்டு வந்தா. நான் பையில இருந்து எடுத்து வெச்ச ரெசிஸ்டர் பாக்கெட்டுக்கு ரெண்டு வெரல் தள்ளிக் காட்டுனா, பாருங்க. பாக்கெட்டோட தாவி வந்து ஒட்டுச்சு!

அத்தன பேரும் பாத்தாங்க. பேக்கிங்ல வேல பாக்கற பீகார்ப் பசங்ககூட சிரிச்சாங்க. பாஷை தேவப்படல.

எனக்கு மொதல்ல வந்தது குத்த உணர்ச்சி இல்லீங்க. "அடப்பாவி, அந்தாளு ஏமாத்திப்புட்டானே!"ங்கற வயித்தெரிச்சல்தான். அப்பறந்தான் செல்வி மூஞ்சியைப் பாத்தேன்.

"எத்தன ரெசிஸ்டர் ஒட்டுனீங்க?"ன்னா மகேசு.

"பதினொண்ணு."

"ஒண்ணுக்கு எத்தன காலு?"

"ரெண்டு."

"அப்ப இருவத்திரெண்டு துண்டும் என்ற கைக்கு வரோணும். வராம ஒரு கார்ட்டன் நகராது."

டீ கிளாஸைக் கவுத்தோம். பதினாலு. காந்தக் குச்சியில தரையெல்லாம் கூட்டுனேன். ஆமாங்க, நானேதான், முட்டி போட்டு. அஞ்சு. துணியில ரெண்டு. மொத்தம் இருவத்தொண்ணு.

ஒண்ணு கொறையுது!

ஒட்டுன கார்ட்டனையெல்லாம் பிரிச்சு, துணி ஒண்ணொண்ணா மறுக்கா டிடெக்டர்ல உட்டாங்க. பீப் இல்ல. மத்தியானச் சோறு யாரும் திங்கல. ரெண்டு மணிக்கு டாண்ணு கியூசி வந்து நின்னாரு. வெசயத்தக் கேட்டவரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு.

"மேடம், ஒரு பீஸ் மிஸ்ஸிங்னா நான் சைன் பண்ண முடியாது. பேபி ப்ராடக்ட்."

மூணரை. வெளிய லாரி வந்து ஹார்ன் அடிக்குது. மகேசு அந்த இருவத்தொண்ணு துண்டையும் மறுக்கா மறுக்கா எண்ணிட்டு இருக்கறா. திட்டுனாக்கூடப் பரவால்லீங்க.

செல்விதான் கேட்டுச்சு. "சார், நேத்து டேபிள்ல வேற என்னென்ன வச்சிருந்தீங்க?"

"ஆம்ப்பு, சால்டரிங், ஹெட்போனு..."

"ஹெட்போனுக்குள்ள காந்தம் இருக்குமுல்ல சார்?"

மின்னணுவியல்ல எனக்குத்தான் மூணு வருச அனுபவம். கேட்டது செல்வி.

கார்ல இருந்து எடுத்துட்டு ஓடியாந்தேன். செல்வி எடது பக்கத்து மெத்தையைப் பிரிச்சுச்சு. உள்ள வலை மேல பொட்டாட்ட ஒட்டிட்டுக் கெடக்குது, இருவத்திரெண்டாவது காலு.

இன்னொரு கூத்தும் சொல்லிப்போடறேன். அந்த ஹெட்போனை ஞாயித்துக்கெழம மத்தியானமே மாட்டிக் கேட்டேனுங்க. எடது காதுல மட்டும் ஜலதரங்கமாட்ட ஒரு "ச்சிங்" புதுசா வந்துச்சு. உடனே குரூப்ல எழுதுனேன்: "செம்புக் கால் ரெசிஸ்டரின் மகிமை! இதுவரை கேட்காத நுணுக்கங்கள் கேட்கின்றன!" நாப்பது பேரு கை தட்டியிருந்தாங்க. ரெசிஸ்டர் வித்தவரு கும்புடு போட்டிருந்தாரு.

கியூசி ரிஜிஸ்டரை நீட்டுனாரு. மகேசு இருவத்திரெண்டு துண்டையும் வரிசையா டேப் போட்டு ஒட்டுனா. "மெஷின் நம்பர்" கட்டத்துல கோடு போட்டா. "ஆபரேட்டர்" கட்டத்துல என்ற பேரை எழுதுனா. "காரணம்" கட்டத்துல "பாட்டு"ன்னு எழுதுனா.

"கரெக்டிவ் ஆக்ஷன் எழுதணும் மேடம்"னாரு அவரு. திரும்ப நடக்காம இருக்க என்ன ஏற்பாடுன்னு அர்த்தம்.

மகேசு நிமுந்துகூடப் பாக்காம எழுதுனா. அவரு படிச்சாரு. "வெரி குட்"னு கையெழுத்துப் போட்டாரு. அஞ்சு மணி லாரி அஞ்சே காலுக்குக் கெளம்புச்சு.

நான் செல்விகிட்டப் போய், அத்தன பேரு முன்னாடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"சரி சார், விடுங்க"ன்னுட்டு மெஷின்ல போய் உக்காந்துச்சு. பாதிதான் மன்னிச்சிருக்குதுன்னு எனக்கே தெரிஞ்சுது.

ஏற்பாடு இதானுங்க. என்ற ரெசிஸ்டர், டையோடு எல்லாம் இப்ப கம்பெனி ஊசிப் பீரோவுக்குள்ள. சாவி செல்விகிட்ட. வெட்டுன காலைக் கொண்டுபோய் ஒப்படைச்சாத்தான் அடுத்தது கைக்கு வரும்.

நேத்து ஒரு டையோடு கேட்டுப் போனேன். "ஒரு கால் கொறையுது சார், போய்ப் பொறுப்பாத் தேடிட்டு வாங்க"ன்னு அனுப்பிருச்சு.