இரவல் காருக்கு ஒரு வாரக் காப்பீடு

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு, வெளிநாட்டில் மகள் வீட்டில், நானும் உங்கள் தங்கையும் மகளும் நலம். மகளின் கணுக்கால் மட்டும் மாவுக்கட்டில் இருக்கிறது. "அங்க போய் ஸ்டியரிங்கைத் தொட்டுடாதீங்க மாப்பிள்ளை" என்று கிளம்பும்போது சொன்னீர்களே, இந்தக் கடிதத்தை நிதானமாக உட்கார்ந்து படிக்கவும்.

மருமகன் வெளியூரில். மகளுக்கோ ஆஸ்பத்திரி வேலைக்கு நேர்முகத் தேர்வு, வருஷக்கணக்கில் காத்திருந்து வந்த அழைப்பு. டாக்ஸி பிடிக்கலாம் என்றாள். வீட்டில் மருமகன் கார் சும்மா நிற்க, பெற்ற அப்பன் குத்துக்கல்லாக இருக்க, டாக்ஸியா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் ஊர் லைசென்ஸே போதுமாம், காப்பீடுதான் வேண்டுமாம். என்னைப் போல விருந்தாளியாக வந்தவர்கள் இரவல் கார் ஓட்டுவதற்கென்றே ஒரு வாரத்துக்குத் தருகிறார்கள், ஓட்டுகிற ஒருவர் பெயரில். போனில் காப்பீட்டுக் கம்பெனிப் பெண் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். நான் முகச்சவரத்தில் இருந்ததால் உங்கள் தங்கையைப் பேசச் சொன்னேன்.

மச்சான், இங்கே எல்லாமே தலைகீழ். ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி போவது சாலையின் வலது பக்கம், திரும்ப விளக்குப் போட்டால் வைப்பர் ஆடுகிறது. நான் அசரவில்லை. ஒரு நாற்சந்தியில் நாலு பக்கமும் வண்டிகள் நின்று, நீங்க போங்க நீங்க போங்க என்று கை காட்டிக்கொண்டிருந்தன. நேரமாகிறதே என்ற பதற்றத்தில், ஹார்னை அடி என்று கத்திவிட்டேன், அதாவது எனக்கு நானே. ஹார்ன் அடித்தால் இங்கே உயிர் போகிற அவசரம் என்று அர்த்தமாம். முன்னால் நின்றவர் பதறி இறங்கி வந்தார், பின் சீட்டில் நீட்டியிருந்த மாவுக்கட்டைப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் எங்களுக்கு முன்னால் போய் வழியெல்லாம் ஒதுங்கச் செய்து, ஆஸ்பத்திரியின் அவசரச் சிகிச்சை வாசலில் கொண்டுவந்து விட்டார். மகள் சொல்லச் சொல்லக் கேளாமல் சக்கர நாற்காலியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். அதே ஆஸ்பத்திரிதான், மச்சான். அந்த நாற்காலியிலேயே தேர்வுக்குப் போனாள், வேலையும் கிடைத்துவிட்டது. "அப்பா, நீங்க வரலேன்னா நேரத்துக்குப் போயிருக்கவே மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி நான் கார் ஓட்டுவதைப் பற்றி நீங்கள் வாயே திறக்கக் கூடாது.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் காரை எனக்கு எப்போது ஓட்டத் தருவீர்கள் என்று பதில் போடவும்.

இப்படிக்கு,
சாலையை வென்ற உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இதைத் தபாலில் போடச் சொல்லி இவர் என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். ஊரில் தினமும் கார் ஓட்டுவது யார் என்று போனில் அந்தக் காப்பீட்டுப் பெண் கேட்டாள். உள்ளதைச் சொன்னேன், காப்பீடு என் பெயரில் வந்துவிட்டது. இதை எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, இவரே பழக்கதோஷத்தில் வலது பக்கம் ஏறி, கம்பீரமாக பெல்ட்டும் போட்டுக்கொண்டார். எதிரே ஸ்டியரிங் இல்லை. இறங்க ரோஷம் விடவில்லை. நான் மறுபக்கம் ஏறி ஓட்டினேன். பிரேக் போடுவதாக நினைத்து மிதித்தே கால்மிதியைக் கிழித்துவிட்டார். ஆனால் "வலது ஓரம், வலது ஓரம்" என்று வழி முழுக்க இவர் கத்தியிராவிட்டால் எதிர் வண்டியில் மோதியிருப்பேன். மகள் சொன்னது பொய்யில்லை. அதனால் நாங்கள் ஊருக்கு வந்ததும் உன் காரை இவருக்குக் கொடு. பக்கத்தில் நீ உட்கார்ந்து மிதித்துக்கொள்.