ஒத்தை விரல் ஸ்டியரிங்

"இன்னும் லேசா வேணும் ஓய்," என்றார் வேங்கடசுப்ரமணியன். "ஒத்தை விரலால தொட்டா வண்டி திரும்பணும்."

தாராவியில் மெக்கானிக் பூலோகத்தின் கராஜுக்குள் பாதியும் தெருவில் பாதியுமாக நின்றது அவருடைய சிவப்பு அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், ஐம்பது வயதைத் தாண்டிய பயில்வான். பானட்டின் மேல் நாலு பேர் இலை போட்டுச் சாப்பிடலாம். உறுமினால் மாட்டுங்காவில் ஜன்னல்கள் அதிரும். ஸ்டியரிங் மட்டும் ஆட்டுக்கல். ஒரு தெருமுனையைத் திரும்புவதற்குள் அவருக்கே தோள்பட்டை கழன்றுவிடும்.

சிக்கல் அவர் வாயால் வந்தது. "இது பொம்மனாட்டி கைக்குத் திரும்பற ஸ்டியரிங் இல்லை" என்று மனைவி அம்மிணியிடம் முப்பது வருஷமாகச் சொல்லி வந்தார். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள் அம்மிணி. போன வாரம் பதில் சொன்னாள்.

"என் கைக்குத் திரும்பாத வண்டி நேக்கு எதுக்கு? வித்துடுங்கோ."

சொன்னதோடு நிற்காமல், அதை வாங்கிக்கொள்ள முலுண்டில் மகேஷ்குமார் என்று ஓர் ஆளையும் பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அன்று அம்மிணி அதை ஓட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினால் கார் தங்கும். இல்லாவிட்டால் முலுண்டுக்குப் போகும்.

"கவலைப்படாதீங்க சார்," என்றான் பூலோகம். "பழைய இரும்புக் கடைல சின்ன காரோட பவர் ஸ்டியரிங் ஒண்ணு கெடக்கு. மாட்டிருவோம்."

"அப்படியே பெட்ரோல் டேங்கையும் பாரும். வாரா வாரம் குறையறது."

பூலோகம் அடியில் படுத்துப் பார்த்தான். "ஒரு சொட்டு ஒழுகல."

"டிரைவர் சீட்டும் தானா முன்னாடி நகர்ந்துக்கறது."

"வயசான வண்டில்லா சார். தான் எங்க நின்னோம்ங்கிறது மறந்துபோயிருக்கும்."

வியாழக்கிழமை பஜனைக்குக்கூடப் போகாமல் கராஜிலேயே காவல் இருந்தார் வேங்கடசுப்ரமணியன். மாட்டி முடித்ததும் ஏறி உட்கார்ந்தார். முனையில் இடப்பக்கம் திருப்பினார். கார் வலப்பக்கம் பாய்ந்து, குயவர் வீதியில் அடுக்கியிருந்த பானைகளை முகர்ந்துகொண்டு நின்றது.

"பானை வேணும்னா நடந்து வாங்க சேட்!" என்று பானைக்காரர் இந்தியில் கத்தினார்.

பூலோகம் தலையைச் சொறிந்தான். "நம்மூரு வண்டில ஸ்டியரிங் வலப்பக்கம். ஒங்க அமெரிக்காக்காரனுக்கு இடப்பக்கம். அதுக்குத் தோதா ஸ்டியரிங் பெட்டியக் கவுத்துப் போட்டு மாட்டினேன். அது தெசையையும் கவுத்துட்டு."

"இப்போ?"

"மாமி இனிமேத்தான ஓட்டப் போறாக? இப்படியே பழகிக்கிட மாட்டாகளா?"

"ஓய்!"

மறுநாள் திசை சரியானது. கனம்தான் காணாமல் போயிருந்தது. சயான் சிக்னல் அருகே வேங்கடசுப்ரமணியன் ஒரு தும்மல் போட்டார். கார் பக்கத்து வரிசைக்குப் போய் ஒரு பஸ்ஸை நலம் விசாரித்தது.

"நீங்கதான சார் ஒத்த வெரலுன்னீங்க," என்றான் பூலோகம். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு திருகைப் பொருத்தினான். "இங்கிட்டுத் திருகினா கனம். அங்கிட்டுத் திருகினா லேசு. நடுவுல வச்சிருக்கேன். தொட்டுராதீங்க."

தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். அம்மிணியின் கைகளை நினைத்தார். பாவமாக இருந்தது. திருகை லேசின் பக்கம், இனி நகராது என்னும் வரை திருகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகேஷ்குமார் வந்து ஓரமாக நின்றார். அம்மிணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். குனிந்து பார்க்காமலே சீட்டை முன்னுக்கு நகர்த்தினாள். எஞ்சின் உறுமியதும், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்த வாட்ச்மேன் இசக்கிதுரை யாரும் சொல்லாமலே எழுந்துபோய்க் கேட்டைத் திறந்தார்.

"ஒத்தை விரல் போதும் அம்மிணி," என்றார் வேங்கடசுப்ரமணியன், பக்கத்து சீட்டிலிருந்து.

"நேக்குத் தெரியும். சும்மா இருங்கோ."

அம்மிணி உதட்டைக் கடித்து, முழங்கைகளை அகட்டி, பலம் அத்தனையும் சேர்த்து ஸ்டியரிங்கை ஒரு வளை வளைத்தாள்.

கார் பம்பரம்போல் சுழன்று வேப்பமரத்தடிக்குப் போனது. 'படக்'கென்று ஒரு சத்தம். இசக்கிதுரையின் பிளாஸ்டிக் நாற்காலி அப்பளமாகிக் கிடந்தது.

"நான் நல்லா பிரேக் இருக்கிற வண்டியா வேற பாத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மகேஷ்குமார் திறந்த கேட் வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனார்.

வண்டி தப்பியது! வேங்கடசுப்ரமணியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது.

"பார்த்தியா? இது பொம்மனாட்டி கைக்குத் திரும்பற வண்டி இல்லைன்னு நான் அப்பவே சொன்னேனே!"

கேட்டிலிருந்து ஓடிவந்த இசக்கிதுரை நாற்காலியின் ஒரு காலைக் கையில் எடுத்தார். அம்மிணி அவரைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். நாற்காலியைப் பறிகொடுத்த மனிதர் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை.

"மாமி கையக் குத்தம் சொல்லாதீக சார்! வியாழனுக்கு வியாழன் நீங்க பஜனைக்குப் போன பொறவு, அந்தப் பழைய ஸ்டியரிங்க இதே மாதிரி வளச்சு வளச்சுத்தான் செம்பூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்து இந்த மரத்தடியிலதான் நிப்பாட்டுவாக. ஒரு நாளாவது என் நாற்காலில இடிச்சிருப்பாகளா?"