பல் டாக்டர் காரில் ஒரு ஓட்டை

ஷெட்டில் அப்போது இருந்தவர்கள்: பல் டாக்டர், அவர் மனைவி, மெக்கானிக், முப்பத்தெட்டு வயதான ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நால்வரில் கார் மட்டும்தான் குழப்பமில்லாமல் நின்றது.

டாக்டர் கையில் பழைய கார் சங்கத்தின் கடிதம். 'நீங்கள் விண்ணப்பத்தோடு அனுப்பிய படத்தில், டாஷ்போர்டின் இடது ஓரத்தில் இருக்க வேண்டிய கறுப்பு வட்ட மூடியைக் காணோம். தொழிற்சாலையில் பொருத்திய ஒவ்வொரு பாகத்துக்கும் மார்க் உண்டு; ஒரிஜினல் மூடி இல்லாமல் சான்றிதழ் இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோதனை.'

கூடவே, மூன்று வருடம் முன்பு சங்கத்துப் பத்திரிகையில் வந்த ஒரு படம். படத்தில் இருப்பது இதே கார். அதில் மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நேரில் அந்த இடத்தில் ஓட்டை இளித்தது.

"ஏம்பா, நீதானே கழட்டினே?"

"டாக்டர், அஞ்சு வருஷமா இந்த வண்டிக்கு நான்தான் வேலை பாக்கிறேன். அந்த மூடியைக் கண்ணால கண்டதில்ல."

"அப்ப படத்துல இருக்கிறது என்ன, பேயா?"

மெக்கானிக் படத்தைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். "அதான் எனக்கும் புரியல."

"ஊர்ல இருக்கிறவங்க வாயில ஓட்டைன்னா அஞ்சு நிமிஷத்துல அடைக்கிறீங்க. இதையும் சிமெண்ட் வச்சுப் பூச வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"ஒரிஜினல்தான் வேணும்னு எழுதியிருக்காங்களே."

"சரி. சான்றிதழ் வந்தா கார் இங்கேயே இருக்கட்டும். வரலைன்னா திங்கக்கிழமை என் தம்பி வந்து வண்டியை எடுத்துட்டுப் போவான். என் தையல் மெஷின் மூணும் இங்க வந்துடும். சாப்பிடுற மேஜையில பட்டன் பொறுக்கி எனக்கு அலுத்துப் போச்சு."

டாக்டர் கார் கதவைப் பிடித்துக்கொண்டார். மச்சான் தொட்ட வண்டி எதுவும் அடுத்த மழைக்காலத்தைப் பார்த்ததில்லை.

உதிரிபாகக் கடைக்காரருக்கு டாக்டர் போன் போட்டார். ஓட்டையின் அளவைச் சொல்லக் கட்டைவிரலை உள்ளே விட்டார்.

"சார், அந்த மாடல் புத்தகத்தை முழுக்கப் புரட்டிட்டேன். மூடியும் இல்ல, அந்த இடத்துல ஓட்டையும் இல்ல."

"யோவ், என் விரல் ஓட்டைக்குள்ள இருக்குய்யா!"

"இருக்கலாம் சார். புத்தகத்துல இல்ல."

கோபத்தில் போனை வைத்தார். விரல் வரவில்லை. மனைவி சமையல் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். அதற்கும் அசையவில்லை. மெக்கானிக் கார்க் கதவில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். விரல் வந்தது. கூடவே டாஷ்போர்டின் மரத்தில் ஒரு சில்லும் வந்தது. கட்டைவிரல் நுழைந்த ஓட்டையில் இப்போது இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சொல்வாங்க. உங்களுக்கு விரலே வில்லங்கம்" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் ஒரு துப்பு கொண்டுவந்தார். ஊர்க்கோடியில் 'டப்பாக்காரர்' என்று ஒருவர். வீட்டில் நடக்க இடம் இல்லாமல் தகரமும் பிளாஸ்டிக்கும் சேர்த்து வைத்திருப்பவர். டாக்டர் படத்தை நீட்டியதும் அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு இழுப்பறையைத் திறந்து கைவிட்டுத் துழாவினார். கறுப்பு வட்ட மூடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஓரத்து விளிம்பு உட்பட, படத்தில் இருந்த அதேதான்.

டாக்டர் பர்ஸை எடுத்தார். "என்ன விலை?"

"நான் எதையும் விக்கிறதில்ல. மாத்திக்கத்தான் செய்வேன். உங்க டாஷ்போர்டுல ஒரு கடிகாரம் இருக்குமே?"

"ஐயா, அது ஒரிஜினல்!"

"இது மட்டும் என்னவாம்?" என்று மூடியை மறுபடி இழுப்பறைக்கு நகர்த்தினார்.

டாக்டர் வீட்டுக்குப் போய்க் கடிகாரத்தைப் பிடுங்கி வந்து கொடுத்தார். கடவாய்ப் பல்லைக்கூட அவர் அவ்வளவு வேதனையோடு பிடுங்கியதில்லை.

மூடி புது ஓட்டையை விளிம்போடு விளிம்பாக மறைத்தது. பல் சிமெண்ட் வைத்து ஒட்டினார். ஆனால் நடுவில் இப்போது கடிகாரம் இருந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்து கிடந்தது. வேறு வழி தோன்றாமல் மனைவியின் அலாரம் டைம்பீஸை அதில் செருகினார்.

ஞாயிறு பத்து மணிக்குச் சங்கச் செயலாளர் வந்தார். பின்னால் ஒரு போட்டோகிராபரும் வந்தார். செயலாளர் காருக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது டைம்பீஸ் கணகணவென்று அலறியது. அவர் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டார்.

"இது என்ன டாக்டர்?"

"நேரம் சரியா காட்டும் சார்."

"கடிகாரத்துக்கு மூணு மார்க் கட்" என்று எழுதினார். அடுத்து இடது ஓரம். விரலால் மூடியைத் தடவினார். "இதுதான்! இந்த மூடியைப் பத்தி நான் பத்திரிகையில மூணு பக்கம் எழுதியிருக்கேன். முதல் வருஷம் செஞ்ச வண்டிகளுக்கு மட்டும் கம்பெனி வச்சது. இதுக்குப் பத்து மார்க்!"

சான்றிதழில் கையெழுத்து விழுந்தது. மனைவி அதை வாங்கி முன்னும் பின்னும் படித்துவிட்டு, "சரி, மெஷின் அங்கேயே இருக்கட்டும்" என்றாள். டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செயலாளர் வாசல் கேட்டுப் பக்கம் நடந்தார். போட்டோகிராபர் மட்டும் டாஷ்போர்டைக் கடைசியாக ஒரு படம் எடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டியபடி ஷெட் வாசலில் நின்றார். முகத்தில் ஒரு பூரிப்பு.

"ரொம்ப சந்தோஷம் டாக்டர். போன தடவை நான் பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தப்ப இந்த ஓட்டை அசிங்கமாத் தெரிஞ்சுதுன்னு, என் பிலிம் டப்பா மூடியை வச்சு மறைச்சு எடுத்துட்டு, போகும்போது கையோட எடுத்துட்டுப் போயிட்டேன். நீங்களும் அதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கீங்களே!"

டாக்டர் கேட்டுப் பக்கம் பார்த்தார். செயலாளர் திரும்பிக்கொண்டிருந்தார். மனைவி சான்றிதழிலிருந்து தலையைத் தூக்கினாள். டாக்டர் போட்டோகிராபரை இரண்டு கையாலும் வெளியே தள்ளினார், கதவைச் சாத்தினார், மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினார்.