மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் கை வைத்த அன்று

பெண் பார்க்கப் போன இடத்தில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றேன். உண்மைதான். அங்கே நான் பார்ப்பது ஆட்களின் லீவு விண்ணப்பங்களை என்பதை அவர்கள் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. (கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமா.)

கல்யாணமான இரண்டாவது வாரம் திருத்தங்கலில் மாமனார் வீட்டில் இருந்தோம். பட்டாசுக் கம்பெனியில் பல வருடம் போர்மேனாக இருந்தவர், இப்போது வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து கொடுக்கிறார். கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். எனக்குப் பயமே அதுதான்.

அன்று கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு ஒரு பச்சைக்கிளி வரைந்து முடித்திருந்தார். நான்கு நாள் வேலை. மூன்று மணிக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். சீசன் நேரத்தில் ஒரு மிஷினை அதற்காகவே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"மாப்ளே, இந்த ஒரு ஐகான் மட்டும் வெள்ளையா நிக்கி. தட்டுனா என்னமோ கேக்கு. நான் சாப்ட்டு வாறேன், அதுக்குள்ள பாத்து வைங்க. உங்களுக்கு இதெல்லாம் சுளுவு."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் என் மனைவி மாரீஸ்வரி பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

தட்டினேன். எதில் திறக்க வேண்டும் என்று கேட்டது. பட்டியலில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் நோட்பேட். அதைத் தேர்ந்தெடுத்து, 'எப்போதும் இதிலேயே திற' என்ற கட்டத்தில் டிக்கும் போட்டு, ஓகே கொடுத்தேன். (அந்த டிக்கை யாரும் என்னிடம் கேட்கவில்லை.)

திரை ஒருமுறை சிமிட்டியது. ஐகான்கள் அத்தனையும் நோட்பேட் படமாக மாறிவிட்டன. பதறிப்போய்க் கிளியைத் தட்டினேன். வெள்ளைத் தாளில் கட்டங்களும், தலையில் புள்ளி வைத்த எழுத்துகளும் வந்து கொட்டின. கிளியைக் காணோம்.

உள்ளே அத்தை, "ரசம் ஊத்தவா?" என்று கேட்பது காதில் விழுந்தது. மாமனார் ரசத்துக்கு வந்துவிட்டார்! இனி மோர் மட்டும்தான் பாக்கி.

"என்னங்க பண்ணுனீக?" என்றாள் மாரீஸ்வரி.

"ஒண்ணும் பண்ணல. ஒரு டிக் போட்டேன்."

"ஆத்தி! கிளி எங்க?"

"செத்துப்போச்சுன்னு நெனைக்கேன்."

என்னைவிட அவளுக்கு மூளை வேகம். "கரண்டு போனா அப்பா பாக்க முடியாதுல்ல?" என்று ஓடிப்போய் மெயின் பியூஸைப் பிடுங்கினாள்.

மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. மேசைக்கடியில் இருந்த யுபிஎஸ், "கீ... கீ... கீ..." என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தத் தொடங்கியது.

மாமனார் மோர் சொட்டும் கையோடு வந்து நின்றார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கைய எடுங்க மாப்ளே. எதையும் தொடாம மெதுவா பின்னால வாங்க."

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறையில் தீப்பொறியைக் கண்டால் இந்தக் குரலில்தான் பேசுவாராம். நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கிச் சுவரில் முட்டினேன்.

"மாரீசு, பியூச குடு."

அவள் சேலை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பியூஸை மாட்டிவிட்டு, அச்சகத்தில் டிசைன் பார்க்கும் பாண்டிச்செல்விக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

அந்தப் பெண் நடந்ததைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. அதுல சேவ் குடுத்தாகளா?" என்றாள்.

"இல்ல!" என்று சுவரோரத்திலிருந்து கத்தினேன்.

"அப்ப கிளி உசுரோட இருக்கு. தொறக்கிற வழிதான் மாறிக் கெடக்கு. கம்ப்யூட்டரோட கணக்கு நோட்டு மாதிரி ரெஜிஸ்ட்ரின்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள போயி ஒரு வரிய அழிக்கணும். பக்கத்து வரிய அழிச்சிறாதீக, கம்ப்யூட்டரே எந்திரிக்காது. யாரு உக்காந்திருக்கா?"

"நாந்தாம்மா. மாப்ள சொவத்துப் பக்கம் இருக்காக."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, மாமனார் தேடித் தேடிப் போனார். அழிக்கும் பொத்தானை அவர் அமுக்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். கருப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாரீஸ்வரி என் கையைப் பிடித்திருந்தாள். (பாசத்தில் இல்லை. அவள் நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது.)

ஐகான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மாமனார் தட்டினார். கிளி சிறகை விரித்துக்கொண்டு வந்து நின்றது.

கிளியை ஏற்றிய பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ளே, கம்பெனில நீங்க என்ன வேல பாக்கீக?"

"லீவு பாக்கேன் மாமா."

"நல்ல வேல. அதையே பாருங்க."

கதை அவருக்கு முன்பே அச்சகத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அங்கே எந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் முதல் விசாரணை என்னைப் பற்றித்தான். போன மாதம்கூட நான் சென்னையில் ஆபீசில் இருந்தபோது பாண்டிச்செல்வி கூப்பிட்டாள்.

"அண்ணே, ஊருக்கு வந்திருக்கீகளா?"

"இல்லையேம்மா, ஏன்?"

"ஒண்ணுமில்ல. அப்ப இது வைரஸ்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.